போச்சம்பள்ளியில் வியாழக்கிழமை ஆராதனை

செவ்வாய்க்கிழமை ஆராதனை நடத்தலாம், ஞாயிற்றுக்கிழமை நடத்தக்கூடாது. கொரோனாவுக்காக 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் எல்லா வழிபாட்டுத் தலங்களுக்கும் வந்த உத்தரவின் சாரம் அதுதான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் பொதுமக்களுக்கு அனுமதி கிடையாது. திங்கள் முதல் வியாழன் வரை உண்டு. கூட்டம் சேருகிற நாட்களை அடைத்துவிட்டால் கூட்டமே சேராது என்று அரசாங்கம் போட்ட கணக்கு. கோயிலுக்கு வெள்ளி போச்சு, பள்ளிவாசலுக்கு ஜும்ஆ போச்சு, எங்களுக்கு ஞாயிறு போச்சு. பாரபட்சம் இல்லாத உத்தரவு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

முழு ஊரடங்கின்போது இந்தக் குழப்பம் இல்லை. எல்லாம் அடைப்பு, எல்லாரும் வீட்டில். அரிசி மூட்டையை யார் வீட்டில் இறக்குவது, யாருக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது என்பது மட்டும்தான் கேள்வி. தளர்வு வரத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் நாங்களே முடிவெடுக்க வேண்டியதாயிற்று. மூடச் சொன்னால் ஒரே உத்தரவில் மூடிவிடலாம். திறக்கிறது அப்படி இல்லை. பாயை எவ்வளவு தள்ளிப் போடுவது என்பதிலிருந்து ஆராதனையில் எல்லாரும் பருகுகிற திருவிருந்துப் பாத்திரம் வரைக்கும் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியிருந்தது.

நான் நாசரேத் பக்கத்துக்காரி. என் வீட்டுக்காரர் எங்கள் மிஷனுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்துக்கும் பணித்தளப் பொறுப்பாளர். காகிதத்தில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கும், வேலை இரண்டு பேருக்கும். எங்களுக்குக் கீழே பாலக்கோடு, அரூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, சூளகிரி, போச்சம்பள்ளி என்று சிதறிக் கிடக்கிற இளம் ஊழியர்கள். பெரும்பாலும் திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பிள்ளைகள். அவர்களுடைய அம்மாமார் கவலைப்பட்டால் முதல் போன் எனக்குத்தான் வரும்.

தெற்கிலிருந்து வடக்கே ஊழியத்துக்குப் போவது எங்கள் ஊர்ப் பக்கம் பழைய பழக்கம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கி, நிஜாம் ராஜ்ஜியத்தில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா அங்கே போய்த் தெலுங்கு படித்து, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அது நிஜமாகவே அயல்தேச ஊழியம். நாங்கள் இருப்பதோ ஒரு ராத்திரி பஸ் தூரத்தில். ஆனாலும் ஊருக்குப் போனால் அத்தைமார் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “அங்க உள்ளவங்க தமிழ்தான் பேசுவாங்களாம்மா?”

தமிழ்தான் பேசுவார்கள். தேன்கனிக்கோட்டை தாண்டினால் கன்னடமும் தெலுங்கும் சேர்ந்துகொள்ளும். ஒரே வீட்டில் மாமியார் தெலுங்கு, மருமகள் கன்னடம், பிள்ளைகள் தமிழ் மீடியம். எங்கள் பையன்களுக்குப் பாஷையைவிடக் களிதான் பெரிய சோதனை. கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று யாரும் முன்கூட்டியே சொல்லித் தருவதில்லை. அரிசிச் சோறு தின்று வளர்ந்த பிள்ளை களியை மென்றுகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வீட்டுக்காரப் பாட்டிமார் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு பாதி ஊழியம் ஆரம்பித்துவிடும் என்று நான் சொல்வதுண்டு. தலைமையகத்து ஆட்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

காலை ஐந்தரைக்கு எல்லாரையும் போனில் ஒன்றாக இணைத்து ஜெபம். அஞ்செட்டித் தம்பிக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. பின்னால் இருக்கிற பாறை மேல் ஏறி நின்றுதான் பேசுவான். அவன் ஜெபிக்கும்போது மற்றவர்கள் காதில் விழுவது பாதி காற்றும் பாதி நாய்க் குரைப்பும். ஜெபம் முடிந்ததும் என் வீட்டுக்காரர் போனை என்னிடம் கொடுத்துவிடுவார். காய்ச்சல் உண்டா, வாசனை தெரியுதா, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டே, ஆக்சிஜன் எவ்வளவு காட்டுது. இரண்டாம் அலையின்போது வாங்கிக் கொடுத்த அந்த விரல் மாட்டி மெஷின், தளர்வு வந்த பிறகும் பல மாதம் எங்கள் காலை ஜெபத்தின் பாகமாகவே இருந்தது. “தொண்ணூற்றெட்டும்மா, ஆமென்” என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வருவதெல்லாம் சில்லறை வேலை. சில்லறை என்றுதான் சொல்ல முடியும், ஆனால் அதில்தான் பொழுது போகும். ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்தால் வாடகை வீட்டுக்காரர் உள்ளே விட மாட்டார். “டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்கம்மா, எங்க வீட்ல வயசானவங்க இருக்காங்க.” அவர் சொல்வதில் தப்பும் இல்லை. கிருஷ்ணகிரி ஜனங்களுக்கு வெளியூர் ஆட்கள் மேல் பயம் வந்ததற்கு ஒரு கதை உண்டு. 2020 மே முதல் வாரம் வரைக்கும் தமிழ்நாட்டிலேயே தொற்று இல்லாத பச்சை மண்டலமாக இருந்த ஒரே மாவட்டம் அதுதான். வெளியிலிருந்து வந்தவர்களால்தான் போச்சு என்று அங்கே இன்றைக்கும் பேசுவார்கள்.

ஓசூர்ப் பக்கம் வேறு மாதிரி. 2021 ஆகஸ்ட் கடைசி வாரம் வரை கர்நாடகாவுக்கு நேர் பஸ் கிடையாது. ஜனங்கள் ஜூஜூவாடியில் இறங்கி, மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்தே தாண்டி, அத்திப்பள்ளியில் வேறு பஸ் பிடிப்பார்கள். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போகிற எங்கள் சபைக் குடும்பங்களும் அப்படித்தான் போய் வந்தார்கள். இந்தக் கரையில் ஒரு விதி, அந்தக் கரையில் ஒரு விதி. இன்றைக்கு எது நடப்பு என்பது எங்களைவிட அந்தக் கொத்தனார்களுக்கு நன்றாகத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போடுவதற்கு முன்னால் அவர்களைத்தான் கேட்போம்.

2021 ஜூலை 5-ல் வழிபாட்டுத் தலங்களைத் திறந்துகொள்ளலாம் என்றதும் என் வீட்டுக்காரருடைய டைரி நிரம்பியது ஆராதனையால் அல்ல, நினைவு ஜெபங்களால். மே மாதத்தில் போனவர்களை யாரும் ஒழுங்காக வழியனுப்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து பிளாஸ்டிக்கில் சுற்றிக் கொடுத்த உடலை நாலு பேர் கவச உடை போட்டுக்கொண்டு இறக்கி மூடினார்கள். முகம் பார்க்கவில்லை, பாட்டுப் பாடவில்லை, வீட்டுக்கு வந்து ஒரு வாய்க் காப்பி குடிக்கவும் ஆள் இல்லை. திறந்ததும் ஒவ்வொரு குடும்பமாக வந்து, “ஐயா, அப்பாவுக்கு ஒரு ஜெபம் வைக்கணும்” என்றார்கள். அப்போது அடக்கத்துக்கு இருபது பேர், கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்பது விதி. இரண்டு மாதம் கழித்து வீட்டில் வைக்கிற நினைவு ஜெபம் எதில் சேர்த்தி என்று எந்த உத்தரவிலும் இல்லை. இருபதையே வைத்துக்கொண்டோம். பாலக்கோடு பக்கத்தில் ஒரு வீட்டில் உறவுக்காரர்கள் முறை வைத்து உள்ளே வந்தார்கள். ஒரு இருபது பேர் பாடி முடித்து எழுந்து தக்காளித் தோட்டத்துக்குள் போய் நிற்க, அடுத்த இருபது பேர் உள்ளே வந்தார்கள். என் வீட்டுக்காரர் பைபிளில் அதே சங்கீதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இறந்தவரின் மனைவி மட்டும் இரண்டு முறையும் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஆராதனைக்கு வந்தால் வாசலில் ஒரு நோட்டு. பேர், ஊர், போன் நம்பர் எழுத வேண்டும். யாருக்காவது தொற்று வந்தால் தொடர்பில் இருந்தவர்களைத் தேட வசதி. பெரிய நகரத்துச் சபைகளுக்கு இது ஒரு விஷயமே இல்லை. எங்களைப் போன்ற இடத்தில் அந்த நோட்டுதான் கிருமிநாசினி, வெப்பமானி, முகக்கவசம் எல்லாவற்றையும்விடப் பெரிய தடை. ஜெபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதை வெளியே சொல்லாதவர்கள். வீட்டில் தெரியும், தெருவில் தெரியாது. அல்லது தெருவில் தெரியும், மாமனார் ஊரில் தெரியாது. அவர்களைப் பேர் எழுதச் சொன்னால் பேனாவை வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பார்கள். ஒரு அம்மா “மறந்து போச்சுங்க” என்றார். சொந்தப் பேரை! நோட்டு வேண்டாம் என்று விட்டுவிடவும் முடியாது. யாராவது அதிகாரி வந்து கேட்டால் பதில் சொல்ல வேண்டியது என் வீட்டுக்காரர். கடைசியில் சூளகிரியில் இருக்கிற எங்கள் ஊழியப் பெண்பிள்ளை ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவரிடம் பொறுப்பு. அவர் தன் பேரையும் நம்பரையும் எழுதி, பக்கத்தில் “ஆறு பேர்” என்று போட்டுக்கொள்வார். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவரைக் கூப்பிட்டால் போதும், அவருக்கு எல்லாரையும் தெரியும். சுகாதார ஆய்வாளரிடம் காட்டினோம். அவரும் சரி என்றுவிட்டார்.

ஆகஸ்டில் ஞாயிறு போனபோது முதலில் செய்தது எல்லாரும் செய்ததைத்தான். யூடியூபில் பிரசங்கம் போட்டோம். எனக்கு அதில் பெரிய மரியாதை இல்லை. இங்கே ஒரு வீட்டுக்கு ஒரு போன்தான், அதுவும் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்கு. கொரோனாவுக்கு முன்னால் பார்த்த மாதிரி ஒருத்தர் தொடையில் ஒருத்தர் இடித்துக்கொண்டு பாயில் உட்காருவதுதான் இங்கே சபை. அது போனில் வராது. என் வீட்டுக்காரர்தான் வியாழக்கிழமை வைப்போம் என்றார். அனுமதி உள்ள நாட்களில் அதுதான் கடைசி நாள், வேலை முடிந்து வர வசதியாகச் சாயங்காலம் ஆறரைக்கு. எல்லாத் தளத்திலும் ஒரே நாள். தற்காலிக ஏற்பாடு என்றுதான் எல்லாருக்கும் சொன்னோம்.

போச்சம்பள்ளியில் ஞாயிறு என்றால் சந்தை. சுற்று வட்டாரமே அங்கேதான் இருக்கும். ஆடு, கோழி, காய்கறி, கருவாடு, வெற்றிலை எல்லாம். இது தெரிந்தும் எத்தனையோ வருடமாக ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் அங்கே ஆராதனை. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, ஞாயிறு என்றால் ஞாயிறுதானே. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப்போன உறுப்பினர் பட்டியலில் சில பெயர்களுக்கு எதிரே சிவப்பு மையில் “பின்வாங்கிப் போனவர்” என்று எழுதியிருக்கும். அதில் ஒரு பெயர் கருவாடு விற்கிற ஒரு அக்காவுடையது.

முதல் வியாழக்கிழமையே அந்த அக்கா வந்துவிட்டார். குளித்து, தலையில் கனகாம்பரம் வைத்து, முகக்கவசத்தை மூக்குக்குக் கீழே போட்டுக்கொண்டு, ஊழியருக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் போச்சம்பள்ளியில் இருந்தேன். பழைய பாட்டுகளை எடுத்தபோது புத்தகம் பார்க்காமல் எல்லாச் சரணமும் பாடினார். எங்கள் பையனுக்கு மூன்றாவது சரணம் தெரியாது, அவரைப் பார்த்துப் பார்த்துப் பாடினான். முடிந்ததும் நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இத்தனை நாள் எங்கக்கா போயிருந்தீங்க?”

“நான் எங்கம்மா போனேன்? இங்கதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமை கடையப் போடலன்னா வாரம் பூரா என்னத்த திங்கறது? நீங்கதான் சந்தை அன்னைக்கே வைக்கிறீங்க.”

ஒருமுறை கடையிலிருந்து பாதியில் எழுந்து ஆராதனைக்கு வந்தாராம். கருவாட்டு வாசனை என்று பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்களாம். அதற்குப் பிறகு வரவில்லை. கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ சந்தையில் விலை சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, பையிலிருந்து காணிக்கைக் காசை எடுத்துப் பெட்டியில் போட்டார். பையைச் சுற்றி அனுப்புவதை நாங்கள் நிறுத்திவிட்டதால் வாசலில் பெட்டிதான்.

சூளகிரியிலும் அதே கதைதான், ஆட்கள் மட்டும் வேறு. அங்கே ஓசூர் கம்பெனிகளுக்குப் போகிற பெண்பிள்ளைகள், பையன்கள். ஷிப்ட் மாறி மாறி வரும், வார விடுமுறை எல்லாருக்கும் ஞாயிறு கிடையாது. சிலருக்கு ஞாயிறுதான் ஓவர்டைம். கம்பெனி வேனிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே நேராக ஆராதனைக்கு வந்து, ஜெபத்தில் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுகிற பிள்ளைகள். தூங்கட்டும் என்று விட்டுவிடுவோம். மற்றத் தளங்களில், உண்மையைச் சொன்னால், வியாழன் எடுபடவில்லை. அரூரில் வயதானவர்கள் இருட்டில் வரப் பயந்தார்கள். அஞ்செட்டியில் சாயங்காலம் ஆனால் யானை பயம். ஆறரை மணிக்கு யாரும் தெருவில் இறங்க மாட்டார்கள்.

செப்டம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, மாநிலம் முழுக்க மெகா தடுப்பூசி முகாம். எங்கள் தளம் ஒன்றில் ஜெப மண்டபத்தைக் கேட்டார்கள், கொடுத்தோம். ஞாயிறன்று ஜெபத்துக்குத் திறக்கக்கூடாத கதவு ஊசிக்குத் திறந்தது. அதுவரை அந்த வாசல்படி ஏறாத பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் உள்ளே வந்து, எங்கள் பாயில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். நான் எல்லாருக்கும் டீ போட்டேன். அவ்வளவுதான், வேறு ஒன்றும் பேசவில்லை. அக்டோபரில் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள். ஞாயிறு என்றால் கறியும் குடியும், ஊசி போட்டால் இரண்டும் கூடாது என்று ஜனங்கள் வருவதில்லையாம். ஜனங்கள் வருகிற நாள் எது என்று அரசாங்கம் பார்த்து நாளை மாற்றியது. நாங்கள் போச்சம்பள்ளியில் அதைச் செய்யப் பல வருடம் ஆகியிருக்கிறது.

அக்டோபர் 14 அன்று முதலமைச்சர் அறிவிப்பு: எல்லா நாளும் திறக்கலாம். மறுநாள் விஜயதசமி, வெள்ளிக்கிழமை. ஊரெல்லாம் கோயில் மணிச் சத்தம் கேட்டது, எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. 17-ஆம் தேதி எங்களுக்கு முதல் ஞாயிறு. இனி வியாழக்கிழமை எதற்கு என்று சபைப் பெரியவர்களான மூப்பர்கள் கேட்டார்கள். ஓய்வுநாளை ஆசரிக்கச் சொல்லித்தான் வேதத்தில் கட்டளை, சந்தை நாளைப் பார்த்து ஆண்டவருடைய நாளை மாற்றலாமா என்றார் ஒருவர். நல்ல மனுஷர், எங்களுக்கு எத்தனையோ உதவி செய்தவர். அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. இன்றைக்குச் சந்தைக்காக விட்டால் நாளைக்குக் கிரிக்கெட்டுக்காக விடுவோம் என்பது அவர் வாதம். ஊழியர்களும் களைத்திருந்தார்கள். இரண்டு நாள் வைத்தால் இரண்டு பிரசங்கம், இரண்டு முறை பாய் விரிப்பு, பெட்ரோல். பணமும் இறுக்கம்தான். ஊரில் எங்களைத் தாங்குகிறவர்களில் பலருக்கே வேலை போயிருந்தது. என் அம்மா வீட்டில் பிடியரிசி எடுத்து வைக்கிற டப்பா நிரம்பி, சர்ச் அடைத்திருந்ததால் கொடுக்க வழியில்லாமல், குடத்தில் கொட்டி வைத்திருந்தார்கள். மூன்று வேளையும் உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடி ஊழியத்துக்கு என்பது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். அந்தக் கணக்கில் வருகிற காசில் பெட்ரோல் போடும்போது கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நான் அந்தக் கூட்டத்தில் பேசினேன். பொதுவாக நான் காப்பி கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். கருவாட்டு அக்காவுக்கு எதிரே இருக்கிற சிவப்பு மையை முதலில் அடிப்போம், பிறகு நாளைப் பற்றிப் பேசுவோம் என்றேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த மூப்பரே பட்டியலை வாங்கி அடித்தார். ஆனால் வியாழனுக்கு ஒத்துக்கொள்ள அவருக்கு இன்னும் மூன்று கூட்டம் ஆனது. கடைசியில் போச்சம்பள்ளியிலும் சூளகிரியிலும் மட்டும் இரண்டு நாளும், மற்ற இடங்களில் ஞாயிறு. திருவிருந்து மாதத்தில் ஒரு முறை வியாழனிலும் உண்டு, ஒரே பாத்திரத்துக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் கிண்ணத்தில். கிண்ணம் கழுவுவது யார் என்பதில் ஒரு தனிச் சண்டை நடந்தது. அதை எழுதினால் என்னைச் சபையில் சேர்க்க மாட்டார்கள்.

2022 ஜனவரியில் ஒமிக்ரான் வந்தது. மறுபடி வெள்ளி, சனி, ஞாயிறு அடைப்பு. 9, 16, 23 மூன்று ஞாயிறும் முழு ஊரடங்கு. மற்றத் தளங்களிலிருந்து “அம்மா, இப்ப என்ன பண்ண?” என்று போன் வந்துகொண்டே இருந்தது. போச்சம்பள்ளியிலிருந்தும் சூளகிரியிலிருந்தும் வரவில்லை. நானே கூப்பிட்டுக் கேட்டேன். “வியாழக்கிழமை இருக்கேம்மா” என்றாள் சூளகிரிப் பெண்பிள்ளை.

இப்போது எங்களுக்கு மீதி இருக்கிற தகராறு ஒன்றுதான். தலைமையகத்துக்கு மாதாமாதம் அனுப்புகிற அறிக்கைப் படிவத்தில் “ஞாயிறு ஆராதனை வருகை” என்று ஒரு கட்டம் மட்டுமே உண்டு. வியாழன் எண்ணிக்கையை எங்கே எழுதுவது என்று கேட்டோம். “வாரநாள் கூட்டங்கள்” என்ற இடத்தில், உபவாச ஜெபத்தோடும் பெண்கள் ஐக்கியத்தோடும் சேர்த்து எழுதச் சொன்னார்கள். அப்படி எழுதினால் கருவாட்டு அக்கா மறுபடி ஆராதனைக்கு வராதவர் ஆகிவிடுவார். அதனால் ஸ்கேல் வைத்து, ஞாயிறுக்குப் பக்கத்தில் நானே ஒரு கோடு கிழித்து, “வியாழன்” என்று எழுதி அனுப்புகிறேன். அடுத்த மாதம் பழைய படிவமே அச்சாகி வருகிறது. நானும் ஸ்கேலை எடுக்கிறேன்.